அச்சேறிய கரிசல் – 17: மீனம்பட்டியிலிருந்து வந்த செய்தி

சென்ற இதழில் 1933-ஆம் ஆண்டின் விருதுநகர் சதி வழக்கைப் பார்த்தோம். வெடிகுண்டு வழக்கில் சேர்க்கப்பட்ட காமராஜருக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப், டாக்டர் வரதராஜுலு நாயுடு இருவருமே பத்திரிகை நடத்தியவர்கள். ஜோசப், மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டன்ட்' நாளிதழுக்கும் காந்தியின் 'யங் இந்தியா'வுக்கும் ஆசிரியராக இருந்தவர். நாயுடு 'தமிழ்நாடு' இதழை நடத்தியவர். 1932-இல் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தொடங்கியவரும் அவரே. அவர்கள் காலத்துப் பத்திரிகைக்காரருக்கு யாரோடு மோதுகிறோம் என்பதில் ஐயம் இருந்ததில்லை. 1931-ஆம் ஆண்டின் அவசர அதிகாரப் பத்திரிகைச் சட்டம் சர்க்காரின் கையில் இருந்தது. பிடிக்காத வரி ஒன்று வந்துவிட்டால் ஜாமீன் தொகை கேட்பார்கள், கட்டிய தொகையைப் பறிமுதல் செய்வார்கள், அச்சகத்தைப் பூட்டுவார்கள்.

இந்த வாரம் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளைத் தாண்டி 1991-க்கு வருகிறோம். பேச்சுரிமை தந்த அரசியல் சாசனம் வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நெருக்கடி நிலைத் தணிக்கையும் பழங்கதையாகிவிட்டது. சிவகாசியில் எந்தப் பத்திரிகைக்கும் பூட்டு இல்லை. அப்படியிருந்தும், இந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டிருக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி பிணங்கள் விழுந்த பிறகே எழுதப்பட்டது. அது ஏன் என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

1991 ஜூலையில் நாட்டில் செய்திப் பஞ்சம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 24-இல் ஜெயலலிதா முதல்முறையாக முதலமைச்சர் ஆகியிருந்தார். ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. 24-ஆம் தேதி மன்மோகன் சிங்கின் பட்ஜெட். இத்தனைக்கும் நடுவில், சிவகாசியை ஒட்டிய மீனம்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்கள் 39 பேர் என்று தமிழக அரசு பின்னர் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

தீபாவளிக்கு நான்கு மாதம் இருக்கும் நேரம் அது. வட மாநில ஆர்டர்கள் வந்து குவிந்து, ஆலைகள் மூச்சு விடாமல் ஓடும் பருவம். அந்தப் பருவத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வெடிச்சத்தம் கேட்டால், அது சரக்கைச் சோதித்துப் பார்க்கும் சத்தமா, வேறு சத்தமா என்பது ஊராருக்குக் காதிலேயே தெரியும். வேறு சத்தம் என்றால் பெண்கள் முதலில் ஓடுவார்கள். எந்த ஆலை, எந்த ரூம், யார் வீட்டுப் பிள்ளை இன்று வேலைக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் ஓடிக்கொண்டேதான் விசாரிக்கப்படும். நிருபர்கள் அதற்குப் பின்னால் வந்து சேர்வார்கள். அன்று கைப்பேசி இல்லை. செய்தி தொலைபேசியில் மதுரைக்குப் போகும். படச்சுருள் பஸ்ஸில் போகும். ஒரு விஷயத்தை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நாட்டுக்கே காலண்டரும் டைரியும் தீப்பெட்டி லேபிளும் அச்சடித்துக் கொடுக்கும் ஊர் சிவகாசி. ஆனால் அந்த ஊர் காலையில் படிக்கும் நாளிதழ் மதுரையில் அச்சாகி வந்தது. எது செய்தி, எத்தனை வரி என்பதை முடிவு செய்யும் மேசை, வெடித்த ஆலையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது.

மீனம்பட்டிச் செய்தி வழக்கமான வழியில் போயிருந்தால் மூன்றாம் நாள் உள்பக்கத்துக்குச் சென்று, ஐந்தாம் நாள் மறைந்திருக்கும். அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. உச்ச நீதிமன்றம் அந்தச் செய்தியைப் பார்த்துத் தானாகவே முன்வந்து விஷயத்தைக் கையில் எடுத்தது. மனு போட்டவர் இல்லை. பாதிக்கப்பட்டவர் யாரும் டெல்லி வரை போகவில்லை. பத்திரிகையில் வந்த விபத்துச் செய்தியே மனுவின் இடத்தில் நின்றது. 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹன்சாரியா இதை அந்தத் தீர்ப்பிலேயே பதிவு செய்திருக்கிறார்.

நீதிமன்றம் அந்தச் செய்தியை வெற்று மேசையில் வைத்துப் படிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிவகாசி அங்கே ஏற்கெனவே ஒரு கோப்பாக இருந்தது. 1983 ஜூலையில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் ஸ்மிது கோத்தாரி எழுதிய நீண்ட கட்டுரை வந்தது. தீக்குச்சிகளில் இரத்தம் படிந்திருக்கிறது என்பதுதான் அதன் தலைப்பு. விடியுமுன்னே ஆலை பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போவதை வெளியுலகம் விரிவாகப் படித்தது அதில்தான். 1986-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா, சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அதே ஆண்டு குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டமும் வந்தது. 1990 அக்டோபர் 31-இல் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா அமர்வு அந்த வழக்கில் முதல் தீர்ப்பைத் தந்தது. உற்பத்தி நடக்கும் இடத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது. பெட்டியில் அடைக்கும் வேலையை மட்டும் தள்ளி ஓர் இடத்தில் செய்யலாம். பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது அவர்களுக்குத் தர வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு வேண்டும். அந்தத் தீர்ப்பு வந்து ஒன்பது மாதம் முடிவதற்குள் மீனம்பட்டி.

அந்த 1990 தீர்ப்பில் வரும் ஓர் எண்ணை இந்தத் தொடரின் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1985 டிசம்பர் 31 நிலவரப்படி அந்தப் பகுதியில் பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221. அவற்றில் வேலை செய்தவர்கள் 27,338 பேர். அவர்களில் குழந்தைகள் 2,941 பேர். அரசு நீதிமன்றத்தில் தந்த கணக்கு இது. அதே எண்பதுகளில் பத்திரிகைகளிலும் ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வந்த எண் 45,000. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். அரசு பொய் சொன்னது என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் விஷயம் கைநழுவிவிடும். பதிவேட்டில் உள்ள ஆலைக்குள் பதிவேட்டில் உள்ள குழந்தையை எண்ணினால் 2,941 வரும். பதிவில்லாத ஆலை, திண்ணையில் நடக்கும் பெட்டி ஒட்டும் வேலை, அம்மாவின் பெயரில் கணக்கு வைத்து மகள் அடுக்கும் குச்சி, இவற்றையும் எண்ணினால் எண் வேறாகும். பத்திரிகை நிற்க வேண்டிய இடம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான். பதிவேட்டுக்கு வெளியே நடப்பதைப் பதிவேடு எப்போதும் சொல்லாது. யாராவது நடந்து போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

விபத்துக்குப் பின் நீதிமன்றம் மூத்த வழக்கறிஞர்கள் ஆர்.கே. ஜெயின், இந்திரா ஜெய்சிங், வழக்கறிஞர் கே.சி. துவா மூவரையும் கொண்ட குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 1991 நவம்பர் 11 தேதியிட்டது. பட்டாசு ஆலைகளில் குழந்தைகளை வேலைக்கு வைக்கவே கூடாது என்றது. தீப்பெட்டி ஆலைகளில் பெட்டி அடைக்கும் குழந்தைகளிடம் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, குரோஸ் கணக்கில் கூலி தரும் முறையை ஒழித்து மாதச் சம்பளம் தர வேண்டும், பதிவு பெற்றாலும் பெறாவிட்டாலும் எல்லாத் தொழிலாளருக்கும் காப்பீடு வேண்டும் என்றது. துண்டுக் கூலியைத் தொட்டதுதான் இதில் முக்கியம் என்பேன். கை எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு என்று வைத்துவிட்டால், மருந்தோடு பழகும் கையிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. சிறிய கைகளை வீட்டிலிருந்தே ஆலைக்கு அனுப்பிவைப்பதும் அந்தக் கூலிமுறைதான்.

1996 டிசம்பர் 10-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். குழந்தைக்குப் பதில் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும், இயலாவிட்டால் அரசு 5,000 ரூபாய் கட்ட வேண்டும். சிவகாசி மட்டும் குற்றவாளி இல்லை, நாடெங்கும் இதே கதைதான் என்று சொல்லித் தீர்ப்பை இந்தியா முழுமைக்கும் விரித்தது நீதிமன்றம். கரிசல் காட்டிலிருந்து போன ஒரு விபத்துச் செய்தி, பிரோசாபாத்தின் கண்ணாடி ஆலைக் குழந்தைக்கும் மிர்சாபூரின் தறிக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்த வழி இதுதான். இந்திய இதழியல் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இனி இதன் மறுபக்கத்துக்கு வருவோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளியூர்ப் பத்திரிகைகளும் வெளிநாட்டுக் கேமராக்களும் சிவகாசிக்கு வரிசையாக வந்தன. சலம் பென்னூர்க்கர் 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' போன்ற ஆவணப்படம், பொறுமையாக அந்தக் குழந்தைகளோடு இருந்து எடுக்கப்பட்டது. வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பொறுமையோடு வந்தவர்கள் இல்லை. கந்தகம் படிந்த விரல்களோடு ஒரு சிறுமியின் படம் கிடைத்தால் போதும் என்று வந்து, படம் கிடைத்ததும் மாலை ரயிலைப் பிடித்தவர்களும் இருந்தார்கள். அந்தச் சிறுமியின் தகப்பனுக்கு ஏன் வேலை இல்லை, கண்மாய் ஏன் வறண்டது, மானாவாரிச் சோளமும் பருத்தியும் எத்தனை மாதம் சோறு போடும், ஆலையை விட்டால் அந்த வீட்டுக்கு வேறென்ன வழி என்று கேட்டு எழுதியவர்கள் குறைவு. அதனால் ஊரில் ஒரு கசப்பு வளர்ந்தது. முதலாளி மட்டும் சொன்னால் புறந்தள்ளலாம். கூலிக்குப் போகும் பெண்களும் அதையேதான் சொன்னார்கள்: எங்கள் வயிற்றில் அடிக்கத்தான் எழுதுகிறார்கள். வெளியே இருந்து எழுதுபவரின் சுதந்திரம், உள்ளே வாழ்பவருக்கு மிரட்டலாகத் தெரிந்தது. பத்திரிகையின் சமூகப் பொறுப்பு என்று மேடையில் பேசும்போது இந்தக் கசப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குழந்தை ஆலைக்குப் போகக் கூடாது என்று எழுதுவது பாதி வேலை. அந்த வீட்டுக்கு அடுத்த மாத அரிசி எங்கிருந்து வரும் என்று அரசைக் கேட்டு எழுதுவது மீதிப் பாதி.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரரின் சிக்கல் வேறு மாதிரி. நாளிதழ்களின் வட்டார நிருபர்களில் பெரும்பாலோர் பகுதி நேரக்காரர்கள். வரிக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று வருவது பெட்ரோலுக்குக் காணாது. வருமானம் விளம்பரக் கமிஷனில் இருக்கிறது. சிவகாசியில் விளம்பரம் என்றால் பட்டாசு, அச்சகம், தீப்பெட்டி. தீபாவளிச் சிறப்பிதழுக்கு முழுப்பக்கம் கேட்டுப் போய் உட்கார வேண்டிய அதே நாற்காலி எதிரில்தான், உங்கள் ஆலையில் ஒரு ரூமில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்காராதவர்கள் இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கு 1955-இலேயே சட்டம் வந்தது. 2011-இல் மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை அரசு ஏற்றது. ஆனால் சாத்தூரிலும் ஏழாயிரம்பண்ணையிலும் இரண்டு சக்கர வண்டியில் செய்தி சேகரிக்கும் மனிதருக்கு அந்தச் சட்டத்தின் நிழல் விழவில்லை. ஆசிரியர் அறைக்குக் கிடைத்த சுதந்திரம் கடைசி நிருபர் வரை வந்து சேராமல் போனதற்கு நிர்வாகங்கள்தான் பொறுப்பு.

ஆலையின் கேட் இன்னொரு தடை. வெடிபொருள் உரிமம் பெற்ற வளாகத்துக்குள் வெளியாள் நுழையக் கூடாது. பாதுகாப்புக்காக வந்த நியாயமான விதி அது. ஒரு தீக்குச்சி, ஒரு பீடி, செருப்பில் ஒட்டிய ஒரு கல் போதும், எல்லாம் முடிந்துவிடும். அதே விதி ஆலைக்குள் நடப்பதை மறைக்கும் திரையாகவும் ஆகிவிட்டது. நிருபர் ஆலைக்குள் கால் வைப்பது சுவர் இடிந்து விழுந்த அன்றைக்குத்தான். அதற்கு முந்தின நாள் வரை உள்ளே என்ன நடந்தது என்பது அவருக்கு ஆய்வாளர் எழுதும் குறிப்பின் வழியாகத்தான் தெரிய முடியும். அந்தக் குறிப்பு அலுவலகக் கோப்பில் இருக்கும்.

2012 செப்டம்பர் 5 இதைக் கொடூரமாகக் காட்டியது. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலை வெடித்தது. நாற்பது பேர் வரை இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள்கூட இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்களும், என்ன ஆயிற்று என்று பார்க்கக் கூடியவர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். விதிமீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டு அந்த ஆலையின் உரிமம் விபத்துக்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பது அதன் பின்புதான் மக்களுக்குத் தெரிய வந்தது. நிறுத்தப்பட்ட உரிமத்தோடு ஓர் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது விபத்துக்கு முந்தின நாள் செய்தி. அது அலுவலகத்தில் இருந்தது. முதலிப்பட்டிக்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய நாளில் யாரும் சொல்லவில்லை.

அந்த விபத்துதான் இந்த வட்டாரத்தில் தொலைக்காட்சி நேரலையில் காட்டிய முதல் பெரிய விபத்து என்று நினைவிருக்கிறது. புதிய தலைமுறை தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நாள் முழுவதும் புகையும் ஓலமும் திரையில் ஓடின. கருகிய உடல்களை மறைக்காமல் காட்டிய படங்களும், தீவிர சிகிச்சைப் பிரிவு வரை நீண்ட மைக்குகளும் அப்போது கண்டிக்கப்பட்டன; கண்டிக்கத்தான் வேண்டும். இறந்துபோன தொழிலாளிக்கும் மானம் உண்டு, அவர் பிள்ளைகள் அந்தப் படத்தோடு வாழ வேண்டும். ஆனால் என்னை அதைவிட அதிகம் உறுத்துவது அடுத்த வாரம் வந்த மௌனம். கேமரா வண்டிகள் கிளம்பியதும் கேள்விகளும் கிளம்பிவிட்டன.

இந்த வட்டாரத்து விபத்துச் செய்திகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரே வார்ப்பு தெரியும். மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. இத்தனை அறைகள் தரைமட்டம். இன்னின்னார் இறந்தனர். கிராம நிர்வாக அலுவலர் புகாரில் வழக்குப் பதிவு, போர்மேன் கைது, உரிமையாளர் தேடப்படுகிறார். முதலமைச்சர் நிவாரணம் அறிவிப்பு. இவை எல்லாம் உண்மைதான், ஒரு வரியும் பொய் இல்லை. உராய்வு என்பது கடைசி நொடியில் நடந்தது. அதற்கு முன்னால் நடந்தவை ஏராளம். முந்தின நாள் மிஞ்சிய மருந்தை அழிக்காமல் வைத்தார்களா? அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டுச் சூடேறியதா? அனுமதிக்கப்பட்டதைவிட அதிகம் பேர் ஒரே ரூமில் இருந்தார்களா? மரத்தடியில் வைத்து மருந்து செலுத்தினார்களா? சாதா வெடிக்கு உரிமம் வாங்கிவிட்டுப் பேன்சி ரகம் செய்தார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ரூமை அன்று நடத்தியவர் யார்?

கடைசிக் கேள்விதான் வேர். பெரிய ஆலைக்கு நாக்பூர் லைசென்ஸ், அடுத்த நிலைக்குச் சென்னை லைசென்ஸ், சிறியதற்கு டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று ஊரில் சொல்வார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ரூம்களைப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டிருப்பார். குத்தகைக்கு எடுத்தவர் குறைந்த நாளில் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். ஆள் கூடும், மருந்து கூடும், வேகம் கூடும். விபத்து நடந்தால் லைசென்ஸ்காரர் குத்தகைக்காரரைக் காட்டுவார், குத்தகைக்காரர் போர்மேனைக் காட்டுவார். உள்குத்தகை சட்டப்படி செல்லாது என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த ஆலையில் யார் எடுத்திருக்கிறார்கள் என்பது டீக்கடையில்கூடத் தெரியும். அச்சில் மட்டும் அது விபத்துக்குப் பிறகே வரும். வக்கீல் நோட்டீஸ், விளம்பர இழப்பு, ஊரில் தொடர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் என்று அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் சிவகாசியில், ஆளுங்கட்சிக்குள் இருந்த பூசலைப் பற்றிய செய்தி வந்த பிறகு, ஒரு வார இதழின் செய்தியாளர் தாக்கப்பட்டார். அரசியல் செய்திக்கே அந்த நிலை என்றால், லைசென்ஸ் செய்தியை எழுதப் போகிறவர் இரண்டு முறை யோசிப்பார்.

2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் பசுமைப் பட்டாசு தவிர மற்றவற்றுக்குத் தடை விதித்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் என்றது. தடையை எதிர்த்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது டெல்லிப் பத்திரிகைகளைப் படித்தால் பட்டாசு என்பது புகை மட்டும். மதுரைப் பதிப்புகளைப் படித்தால் பட்டாசு என்பது லட்சக்கணக்கானவர்களின் வயிறு மட்டும். பேரியம் நைட்ரேட்டை ஆண்டுக்கணக்கில் கையால் அளந்து கொட்டிய தொழிலாளியின் நுரையீரலைப் பற்றி எந்தப் பக்கமும் பேசவில்லை. டெல்லிக் குழந்தை மூச்சுவிடத் திணறுவது செய்தி என்றால், திருத்தங்கல் பெண்ணின் இருமலும் செய்திதான்.

2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஓர் ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். மீனம்பட்டி நடந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அந்த வழக்கு ஆவணத்தின் தலைப்பிலேயே பத்திரிகைச் செய்தியின் தலைப்பு இருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைந்தது. உள்குத்தகையும் விதிமீறல்களும் ஆவணத்தில் ஏறின. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பாயம் ஆணையிட்டது. அரசு வழக்கமாக அறிவிக்கும் நிவாரணத்தோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. ஒரு செய்தி ஒழுங்காக வெளிவந்தால் இறந்தவரின் வீட்டுக்கு என்ன கிடைக்க முடியும் என்பதற்கு மீனம்பட்டியும் அச்சங்குளமும் சாட்சி. இரண்டிலும் செய்தி வந்தது இறந்த பிறகு என்பதற்கும் அவையே சாட்சி.

உயிரோடு இருக்கும்போதே அந்தச் செய்தியை எழுதச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று வாசகர்கள் சிலர் கடிதத்தில் கேட்கிறார்கள். தாராளமாக இருக்கிறது. ஆய்வறிக்கையும் உரிம நிறுத்த ஆணையும் அரசு ஆவணங்கள். 2005-க்குப் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவற்றைக் கேட்கலாம். அதற்கும் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, மேத்தா வழக்கு டெல்லியில் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், அதே உச்ச நீதிமன்றம் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கில் இதற்கான வழியைத் திறந்துவிட்டிருந்தது. பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட யாருடைய ஒப்புதலும் வேண்டாம். அரசோ அதிகாரிகளோ ஒரு செய்தியை வெளிவரும் முன்பே தடுக்க முடியாது. அதிகாரி தம் அலுவல் கடமையில் செய்ததைப் பற்றி எழுதினால், அது பொய் என்றும் உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதப்பட்டது என்றும் நிறுவினால் ஒழிய, நட்ட ஈடு கேட்க முடியாது. 1994 அக்டோபர் 7-இல் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு அது. இந்தியா முழுதும் சட்டக் கல்லூரிகளில் ராஜகோபால் வழக்கு என்று படிக்கிறார்கள்.

சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை வெளியிட முனைந்த பத்திரிகைக்குச் சிறைத்துறைத் தலைவர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதில் தொடங்கியது அந்த வழக்கு. வழக்கைத் தொடுத்த ஆசிரியர், சிவகாசியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அருப்புக்கோட்டையில் பிறந்தவர்: நக்கீரன் கோபால். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அதே அருப்புக்கோட்டையின் கல்லூரி ஒன்றிலிருந்து கிளம்பிய செய்திக்காக, ஆளுநர் மாளிகையின் புகாரின்பேரில் சென்னை விமான நிலையத்தில் அவரைக் கைது செய்தார்கள். எழும்பூர் நீதிமன்றத்தில் அன்று நடந்ததை அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)